எம்6, மூக்குக்கண்ணாடி, 28-ஆ 21-ஆ?

லைக்கா எம்6 ஃபிலிம் கேமராவில் கட்டடங்களைப் படம் எடுக்க 28 மிமீ லென்ஸ் வாங்குவதா, 21-ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடி போடுபவர் என்றும் சொல்கிறீர்கள். 0.72 மடங்கு உருப்பெருக்கமுள்ள வியூஃபைண்டர் (கண்வைத்துப் பார்க்கும் சாளரம்) என்றால் 28-இன் பட எல்லையைக் காட்டும் கோடுகள் ஓரத்திலேயே இருக்கும், கண்ணாடியோடு நான்கு பக்கமும் ஒருசேரத் தெரியாது. 21-க்குக் கோடே கிடையாது, மேலே தனி ஃபைண்டர் மாட்ட வேண்டும். தொல்லைதான், ஆனால் கண்ணாடிக்காரர்களுக்கு அதுவே நிம்மதி என்பேன்.

கட்டடம்தானே? அப்படியானால் ஸைஸ் சி பயோகான் 21 எஃப்/4.5. நேர்க்கோடுகள் கிட்டத்தட்ட வளைவதே இல்லை. ஒளியைக் குறைவாக உள்ளே விடும் மெதுவான லென்ஸ், சரி, பகலில் யாருக்குக் கவலை? பின்னாளில் டிஜிட்டலுக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் ஃபோக்ட்லேண்டர் கலர் ஸ்கோபார் 21 எஃப்/3.5 பாருங்கள், பயோகானில் ஓரங்களில் நிறம் பிறழும்.

அப்புறம், பழைய சூப்பர் ஆங்குலான் 21 எஃப்/3.4 கண்ணில் பட்டால் ஆசைப்படாதீர்கள். அதன் பின்பகுதி கேமராவுக்குள் நீண்டு ஒளியை அளக்கும் மீட்டரை மறைத்துவிடும்.