ஆபீஸ்ல புது டெக்னாலஜி வருது, ஜனங்ககிட்ட எப்படி சொல்றது? கேளுங்க, சொல்றேன்

வணக்கம். 18 வருஷமா கம்பெனிகளோட கம்யூனிகேஷன்ஸ் டீம்ல தான் குப்பை கொட்டிட்டு இருக்கேன், அதுல கடைசி ஏழெட்டு வருஷம் டீம் ஹெட். ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், சம்பளம்னு கம்பெனி வேலை மொத்தத்தையும் ஓட்டற சாஃப்ட்வேர்) மாத்துனது, எல்லாத்தையும் க்ளவுடுக்கு தூக்குனது, இப்ப ஏஐ, மூணுலயும் அடி வாங்கி கத்துக்கிட்டது தான் என்கிட்ட இருக்கற சரக்கு. கேள்விய போடுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, அடுத்த மாசம் எங்க கம்பெனில எல்லாருக்கும் ஏஐ அசிஸ்டன்ட் குடுக்கறாங்க. சிஇஓ பேர்ல போற முதல் மெயில என்னை எழுத சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா முதல் வரிலயே நிக்கறேன்.

பதில்: "உலகம் வேகமா மாறிட்டு இருக்கு"ன்னு ஆரம்பிச்சிருப்பீங்க, முதல்ல அத அழிங்க :) உலகம் மாறுறது படிக்கிறவங்களுக்கும் தெரியும், திங்கக்கிழமை காலைல என் கம்ப்யூட்டர்ல என்ன மாறும்னு தான் தெரியாது. எந்த தேதி, எந்த டீம், எந்த வேலை, எது மாறாது, சந்தேகம்னா யாரை கேக்கணும், இதெல்லாம் மேல வரட்டும். விஷன், பயணம் எல்லாம் கீழ ரெண்டு வரி போதும்.

2014 ஜூலைல மைக்ரோசாஃப்ட்ல ஃபோன் பிரிவுக்கு தலைவரா இருந்த ஸ்டீஃபன் ஈலாப் அனுப்புன மெயில் ஒண்ணு இருக்கு, எங்க ஆளுங்க இன்னைக்கும் சொல்லி சிரிப்பாங்க. "ஹலோ தேர்"னு ஆரம்பிக்கும், அப்புறம் ஃபோன் ஸ்ட்ராட்டஜி, டிசைன், அது இதுன்னு பத்தி பத்தியா போகும், ரொம்ப கீழ போனப்புறம் தான் 12,500 பேருக்கு வேலை போகப் போறது வரும். அந்த ஒரு வரிய தேடித்தான் எல்லாரும் மெயில திறந்திருப்பாங்க, அத தலைய சுத்தி மூக்க தொட்டு சொன்னா எரிச்சல் தான் வரும்.

கேள்வி: எங்க ஊழியர்கள் "எங்க வேலை போகுமா"ன்னு நேராவே கேக்கறாங்க மேடம். மேனேஜ்மென்ட்டுக்கே தெரியல. நான் என்ன எழுதறது?

பதில்: இது தான் நிஜமான கேள்வி, மத்த கேள்வியெல்லாம் இது போட்டுக்கற வேஷம். ட்ரெய்னிங் எப்பன்னு கேக்கறவரும் இதத்தான் கேக்கறாரு, அந்த டூல் தப்பா பதில் சொன்னா யார் பொறுப்புன்னு கேக்கறவரும் இதத்தான் கேக்கறாரு.

நான் என்ன பண்ணுவேன்னா, சிஇஓவ அரை மணி நேரம் புடிச்சு உக்கார வெச்சு ஒரே பேப்பர்ல மூணு விஷயம் வாங்கிடுவேன். முடிவானது என்ன, முடிவாகாதது என்ன, முடிவாகாதது எந்த தேதில முடிவாகும். அந்த தேதிய வாங்கறது தான் கஷ்டம், யாரும் குடுக்க மாட்டாங்க, விடாதீங்க. "இன்னும் தெரியல"ன்னு மட்டும் சொன்னா ஏதோ மறைக்கறாங்கன்னு தோணும், "இன்னும் தெரியல, மார்ச் 15 அன்னிக்கு சொல்றோம்"னா பொறுத்துக்குவாங்க. மார்ச் 15 வந்து ஒண்ணும் முடிவாகலன்னாலும் அன்னிக்கு மெயில் போயே ஆகணும், "முடிவாகல, காரணம் இது, அடுத்த தேதி இது"ன்னு.

"யாருக்கும் வேலை போகாது"ன்னு மட்டும் எழுதிடாதீங்க, சிஇஓ கண்ணு கலங்கி சொன்னாலும் சரி. நான் ஒரு தடவ எழுதுனேன். கம்பெனி பேர் வேணாம். எட்டு மாசத்துல ஒரு டீமையே மூடுனாங்க, ஃபைனான்ஸ்ல கேட்டா அதுக்கு காரணமே வேறன்னாங்க, இருக்கலாம், ஆனா ஒருத்தர் என்னோட பழைய மெயில பிரிண்ட் எடுத்துட்டு வந்து என் டேபிள்ல வெச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம போனாரு. அதுக்கப்புறம் நான் எழுதுன எதையும் அந்த ஃப்ளோர் நம்பல. அவங்க மேல தப்பே இல்ல.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. கிளார்னான்னு ஸ்வீடன்ல ஒரு பேமென்ட் கம்பெனி, 2024 பிப்ரவரில எங்க ஏஐ 700 கஸ்டமர் சர்வீஸ் ஏஜென்ட் பாக்கற வேலைய பாக்குதுன்னு பெருமையா சொன்னாங்க. 2025ல அதே சிஇஓ, செலவ குறைக்கறதையே பெருசா பாத்ததுல தரம் அடிவாங்கிடுச்சுன்னு ஒத்துக்கிட்டு, கஸ்டமர் கூட பேச மறுபடி ஆள் எடுக்க ஆரம்பிச்சாரு. முதலீட்டாளர் காதுக்குன்னு சொல்ற வரிய உங்க ஆளுங்களும் படிக்கறாங்க, நாளைக்கு அத மாத்தி சொல்ல வேண்டி வந்தா அந்த மெயிலையும் நீங்க தான் எழுதணும்.

கேள்வி: பயமுறுத்துனா தான் ஜனங்க மாறுவாங்க, "கப்பல் மூழ்குது"ன்னு எழுதுன்னு பாஸ் சொல்றாரு. சரியா?

பதில்: மறுபடியும் ஈலாப் கிட்டயே போகணும், பாவம் மனுஷன். 2011 பிப்ரவரில நோக்கியா சிஇஓவா இருந்தப்ப, எரியற எண்ணெய்க் கிணறு மேடைல நிக்கறவன் கடல்ல குதிக்கிற கதைய சொல்லி, நாமளும் அந்த மேடைல தான் நிக்கறோம்னு உள்ளுக்குள்ள எழுதுனாரு. அது உடனே வெளிய வந்துடுச்சு. பிப்ரவரி 11 அன்னிக்கு நம்ம பழைய சிம்பியன் சாஃப்ட்வேர விட்டுட்டு இனிமே மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் ஃபோன் தான்னு அறிவிச்சாங்க, ஆனா அதுல ஓடற முதல் லூமியா ஃபோன காட்டுனது அக்டோபர்ல. நடுவுல எட்டு மாசம், சிஇஓவே எரியுதுன்னு சொன்ன சிம்பியன் ஃபோன கடைக்காரன் எப்படி விப்பான், எந்த டெவலப்பர் அதுக்கு ஆப் எழுதுவான்? அவர் சொன்ன நிலைமை பொய்யில்ல, ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் அடிச்சிட்டு தான் இருந்தாங்க. ஆனா குதிக்கச் சொன்ன இடத்துல படகு நிக்கல.

உங்க பாஸ்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, மூழ்குதுன்னு எழுதறேன் சார், அடுத்த வரில ஏற வேண்டிய படகு எதுன்னு எழுதணும், அத சொல்லுங்கன்னு.

கேள்வி: உள்ளுக்குள்ள ஒரு டோன், வெளிய ஒரு டோன் வெச்சுக்கலாமா?

பதில்: முடியாது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்க ரெண்டு செகண்ட் போதும். 2025 ஏப்ரல்ல, மொழி கத்துக்குடுக்கற ஆப் டுவோலிங்கோவோட சிஇஓ எல்லா ஊழியருக்கும் அனுப்புன "ஏஐ ஃபர்ஸ்ட்" மெயில கம்பெனியே லிங்க்ட்இன்ல போட்டாங்க, ஏஐ செய்யக்கூடிய வேலைக்கு கான்ட்ராக்ட் ஆளுங்கள படிப்படியா நிறுத்துவோம்னு அதுல இருந்துச்சு. ஆப் யூஸ் பண்றவங்களும் அத படிச்சு கொந்தளிச்சுட்டாங்க, அழிக்கறேன்னு கிளம்புனாங்க, சில வாரத்துல சிஇஓ வந்து ஏஐ எங்க ஊழியருக்கு மாற்று இல்லன்னு விளக்கம் குடுக்க வேண்டியதா போச்சு. அனுப்பறதுக்கு முன்ன மெயில நாலு கண்ணால படிச்சு பாருங்க: ஊழியர், கான்ட்ராக்ட் ஆளு, கஸ்டமர், நிருபர். நாலுல யாருக்கு வயித்துல புளியக் கரைக்கும்னு தெரிஞ்சுடும்.

கேள்வி: எல்லா ஊழியரையும் கூட்டி டவுன் ஹால் மீட்டிங் வெச்சோம், வீடியோ போட்டோம், போஸ்டர் ஒட்டுனோம், ஆனாலும் கீழ யாருக்கும் ஒண்ணும் புரியல. எங்க தப்பு?

பதில்: நடுவுல இருக்கற மேனேஜர்கள விட்டுட்டீங்க. டவுன் ஹால் முடிஞ்சதும் ஜனங்க நேரா அவங்க மேனேஜர்கிட்ட தான் போவாங்க, "இதுக்கு என்னங்க அர்த்தம்"னு. அவரும் அப்பத்தான் கேள்விப்பட்டிருந்தா தோள குலுக்குவாரு, அந்த தோள் குலுக்கல் உங்க மொத்த வீடியோவையும் தின்னுடும்.

என் சொந்தக் கதை, ஈஆர்பி மாத்துனப்ப மூணு மாசம் "புதிய விடியல்"னு போஸ்டர் டிசைன் பண்ணோம், கலர் எல்லாம் சூப்பர். கோ லைவ் அன்னிக்கு, அதாவது புது சிஸ்டம் நிஜமா ஓட ஆரம்பிச்ச நாள், கோடவுன்ல நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் கேட்ட கேள்வி, "ராத்திரி ரெண்டு மணிக்கு லாக்இன் லாக் ஆச்சுன்னா யாருக்கு ஃபோன் போடணும்?" எங்க கிட்ட பதில் இல்ல. ஹெல்ப் டெஸ்க் பகல் ஷிஃப்ட் மட்டும் தான். எனக்கு தரைக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அதுலருந்து என் வழக்கம், எந்த அறிவிப்பா இருந்தாலும் முந்தின நாளே மேனேஜர்களுக்கு சொல்லிடறது, கூடவே ஒரு பக்கம் குடுக்கறது, அவங்க டீம் கேக்கப்போற பத்து கேள்வியும் பதிலும். பதில் இல்லாத கேள்வியும் அதுல இருக்கும், "இதுக்கு இன்னும் பதில் இல்ல, இந்த தேதில வரும்"னு. லீக் ஆகாதான்னு கேப்பீங்க, ஆகும் சில சமயம். ஒரு நாள் முன்ன லீக் ஆனா சமாளிச்சுக்கலாம், மேனேஜர் முட்டாள் மாதிரி நின்னா அத சரி பண்ண மாசக்கணக்கா ஆகும்.

கேள்வி: எங்க ஆளுங்க ரகசிய டாக்குமென்ட் எல்லாம் சாட்ஜிபிடில போட்டு சுருக்கம் கேக்கறாங்க. தடை போட சொல்லி ஒரு மெயில் தட்டலாமா?

பதில்: சாம்சங் 2023ல அதத்தான் பண்ணாங்க, இன்ஜினியருங்க சோர்ஸ் கோட அதுல ஏத்திட்டாங்கன்னு தெரிஞ்சு மே மாசம் தடை போட்டாங்க. அவசரத்துக்கு அது சரி. ஆனா "கூடாது"ன்னு மட்டும் மெயில் போனா ஜனங்க சொந்த ஃபோன்ல பண்ணுவாங்க, உங்க கண்ணுக்கும் தெரியாது. எதுல போடலாம், எத போடலாம், எத போடவே கூடாதுன்னு அவங்க வேலைலருந்தே உதாரணம் குடுங்க. "ரகசியத் தகவல்"னு எழுதுனா யாரும் தன் ஃபைல் ரகசியம்னு நினைக்க மாட்டாங்க, "கஸ்டமர் பேரோ ஃபோன் நம்பரோ இருக்கற எக்செல் ஷீட்"னு எழுதுனா தான் உறைக்கும்.

கேள்வி: அப்ப நாம அறிவிப்பு எழுத ஏஐ யூஸ் பண்ணலாமா?

பதில்: நான் பண்றேன். நீளமான பாலிசிய சுருக்க, கேள்வி லிஸ்ட் போட எல்லாம் நல்லாவே உதவுது. ஆனா சாவு, ஆட்குறைப்பு, மன்னிப்பு, இந்த மூணுக்கு தொடவே மாட்டேன். 2023 பிப்ரவரில வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல ஒரு அலுவலகம், வேற ஒரு பல்கலைக்கழகத்துல நடந்த துப்பாக்கிச்சூடு பத்தி மாணவர்களுக்கு ஆறுதல் மெயில் அனுப்புனாங்க, அடில சாட்ஜிபிடி வெச்சு எழுதுனதுன்னு ஒரு வரி இருந்துச்சு. அப்புறம் அந்த ஆறுதலுக்கே மன்னிப்பு கேட்டு இன்னொரு மெயில்.

கேள்வி: வெப்சைட்ல சாட்பாட் வெக்கறாங்க. அது ஐடி வேலை தான, கம்யூனிகேஷன்ஸுக்கு என்ன சம்பந்தம்?

பதில்: அது பேசறது உங்க கம்பெனி வாயால. ஏர் கனடா சாட்பாட் ஒரு பயணிக்கு, குடும்பத்துல சாவுன்னா குடுக்கற டிக்கெட் சலுகைய பயணம் முடிஞ்சப்புறம் கூட கேட்டு வாங்கிக்கலாம்னு தப்பா சொல்லிடுச்சு, அவர் கேஸ் போட்டாரு. சாட்பாட் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லங்கற மாதிரி கம்பெனி வாதாடுனத 2024 பிப்ரவரில கனடா தீர்ப்பாயம் ஏத்துக்கல, பணம் குடுக்க சொல்லிடுச்சு. தொகை சின்னது தான், ஆனா உலகம் பூரா செய்தி. பாட் சொல்ற பதில்கள வெளிய விடறதுக்கு முன்ன உங்க டீம் படிச்சே ஆகணும்.

கேள்வி: மார்க்கெட்டிங்ல எல்லாத்துலயும் "ஏஐ"ன்னு சேக்க சொல்றாங்க...

பதில்: இருந்தா சேருங்க. 2024 மார்ச்ல அமெரிக்க பங்குச்சந்தைய கண்காணிக்கற எஸ்ஈசி, ஏஐ யூஸ் பண்றதா பொய்யா சொன்ன ரெண்டு முதலீட்டு ஆலோசனை கம்பெனிகளுக்கு மொத்தம் 4 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு. லீகல் டீம்கிட்ட இந்த ஒரு வரிய காட்டுங்க, மத்தத அவங்க பாத்துப்பாங்க.

கேள்வி: புது சிஸ்டம் கோ லைவ் அன்னிக்கு படுத்துடுச்சுன்னா என்ன சொல்லணும் அக்கா? எங்களுக்கு அடுத்த வாரம், கை நடுங்குது.

பதில்: நடுங்கட்டும், நல்லது தான், இப்பவே ரெடி பண்ணுவீங்க. பிரிட்டன்ல டிஎஸ்பி பேங்க் 2018 ஏப்ரல்ல புது சிஸ்டத்துக்கு மாறுனாங்க, 19 லட்சம் கஸ்டமர் வரைக்கும் கணக்குக்குள்ளயே போக முடியல. நடுவுல சிஇஓ எல்லாம் ஓடுதுன்னு ட்வீட் போட்டாரு, அத படிச்சவங்க லாக்இன் பண்ணி பாத்தா ஓடல. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க நினைக்கல அவர், உள்ள யாரோ சரியாயிடுச்சுன்னு சொன்னத நம்பி போட்டிருப்பாருன்னு தான் எனக்கு தோணுது, ஆனா கஸ்டமருக்கு அது பொய் தான். செப்டம்பர்ல அவர் பதவிய விட்டாரு. 2022ல 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல அபராதம்.

இன்னொரு பக்கம் நார்வேல நோர்ஸ்க் ஹைட்ரோ, அலுமினியம் கம்பெனி, 2019 மார்ச்ல ரான்சம்வேர் (ஃபைல எல்லாம் பூட்டிட்டு, திறக்க பணம் கேக்கற வைரஸ்) தாக்கி மொத்த நெட்வொர்க்கும் போச்சு, சுமார் 35,000 பேர் வேலை பாக்கற இடம். வெப்சைட் இல்ல, அதனால ஃபேஸ்புக்ல அப்டேட் போட்டாங்க, ஆபீஸ் வாசல்ல கம்ப்யூட்டர நெட்வொர்க்ல இணைக்காதீங்கன்னு பேப்பர்ல அடிச்சு ஒட்டுனாங்க, அன்னிக்கே நிருபர்கள கூப்டு நிலைமை மோசம்னு சொல்லிட்டாங்க, பணம் குடுக்க மாட்டோம்னும் சொன்னாங்க. கஷ்டம் ஒண்ணும் குறையல, ஆனா நம்பிக்கை போகல.

உங்களுக்கு நடைமுறையா சொல்றேன். "சரியாயிடுச்சு"ங்கற வார்த்தைய உங்க டீம்ல ஒருத்தர் சாதாரண கஸ்டமர் மாதிரி வெளிலருந்து உள்ள போய் பாத்தப்புறம் தான் போடணும், ஐடி ஃபோன்ல சொன்னா பத்தாது. அடுத்த அப்டேட் எத்தனை மணிக்குன்னு ஒவ்வொரு மெசேஜ்லயும் இருக்கணும். மெயில் சிஸ்டமே படுத்தா எப்படி சொல்றதுங்கறதுக்கு மேனேஜர்களோட ஃபோன் நம்பர் லிஸ்ட் பேப்பர்ல, ஆமா பேப்பர்ல, உங்க பைல இருக்கணும்.

கேள்வி: நம்ம வேலை ஒர்க் ஆச்சான்னு எப்படி அளக்கறது? ஓப்பன் ரேட், அதாவது மெயில திறந்து பாக்கறவங்க, 80 சதவீதம் வருது.

பதில்: திறக்கறது வேற, புரியறது வேற. நான் ஹெல்ப் டெஸ்க்ல போய் உக்காந்துக்குவேன், ஒரே கேள்வி எத்தனை தடவ வருதுன்னு பாப்பேன். அது குறையலன்னா என் மெயில் தான் சரியில்ல.

கேள்வி: நான் ஒரே ஆளு, டீமும் இல்ல. சிஇஓ அறிவிப்ப முடிவு பண்ணிட்டு "அழகா எழுதி குடு"ன்னு மட்டும் கூப்பிடறாரு. என்னால என்ன பண்ண முடியும் மேடம்?

பதில்: நானும் நாலு வருஷம் அழகா எழுதி குடுத்தவ தான். ஒரு நாள் எதேச்சையா ஆரம்பிச்சது, கேன்டீன்லயும் லிஃப்ட்லயும் ஜனங்க கேட்ட கேள்விகள பேர் இல்லாம, பூசி மெழுகாம, அவங்க சொன்ன வார்த்தையிலயே ஒரு பக்கத்துல டைப் பண்ணி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஇஓ டேபிள்ல வெச்சேன். கருத்து எதுவும் எழுதல. "எங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கறது எங்க வேலைய மெஷினுக்கு கத்துக்குடுக்கவா"ன்னு ஒரு வரி அதுல இருந்துச்சு. முதல் மூணு வாரம் ஒரு பதிலும் இல்ல, நான் வெக்கறத நிறுத்தல. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை நான் லீவு. சாயங்காலம் அவரே ஃபோன் பண்ணி கேட்டாரு, "இந்த வாரம் பேப்பர் எங்கம்மா?"