தும்பியும் தென்காசி பஸ்ஸும்: கல்லூரி வகுப்பறை பற்றிக் கேள்வி பதில்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் 31 வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். கற்பித்தலில் புதிதாக என்ன செய்யலாம் என்று நம்ம பக்கத்து ஆசிரியர்களும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உதவிப் பேராசிரியர், தென்காசி: மேடம், பி.எஸ்சி. முதலாண்டில் 64 பேர். எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். 'புதுமை செய்யுங்கள்' என்கிறது நிர்வாகம். காசு கிடையாது. எங்கே தொடங்க?

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும். நாலாக வெட்டி, ஏ, பி, சி, டி என்று எழுதி ஆளுக்கு ஒரு செட் கொடுங்கள். அப்புறம் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: வேகமாக வரும் தென்காசி பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு தும்பி மோதி நசுங்குகிறது. எதன் மேல் விசை அதிகம்? தும்பி, பஸ், இரண்டும் சமம், சொல்ல முடியாது. ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. நீங்கள் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்க மாட்டார்கள்.

என் வகுப்பில் முதல் தடவை பாதிக்கு மேல் 'தும்பி' அட்டைதான். அத்தனை பேரும் நியூட்டனின் மூன்றாம் விதியைப் பரீட்சையில் பிசகாமல் எழுதியவர்கள். நான் விடையைச் சொல்லவில்லை. "வேற அட்டை தூக்கினவகிட்ட ரெண்டு நிமிஷம் வாதாடுங்க" என்றேன். "ஏட்டி, நசுங்கினது தும்பிதானே, அப்போ அதுக்குத்தானே அடி?" என்றாள் ஒருத்தி. "அது லேசு, அதான் நசுங்குச்சு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளினது ஒரே அளவுதான்ட்டி" என்றாள் அடுத்தவள். அந்த இரண்டாவது வரியை நான் கரும்பலகையில் பத்து வருடமாக எழுதியிருக்கிறேன். தோழி சொன்னபோதுதான் அது உள்ளே இறங்கியது. மறுபடி அட்டை தூக்கச் சொன்னால் பெரும்பாலும் 'சமம்'.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் இப்படித்தான் வகுப்பு எடுத்தார். அவருடைய கணக்கு எளிது: முதல் தடவையில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பேச விடு, அதற்குக் கீழே என்றால் மறுபடி நடத்து, மேலே என்றால் அடுத்த பாடத்துக்குப் போ.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்களே விடையைச் சொல்லிவிடாதீர்கள். அமைதி கஷ்டமாகத்தான் இருக்கும். காத்திருங்கள்.

விரிவுரையாளர், கோவில்பட்டி: ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. எந்த ஆப்பில் பி.பி.டி. (பவர்பாயிண்ட் படக்காட்சி) செய்தால் நல்லது?

எதில் செய்தாலும் சரி, அதைப் பார்த்து வாசிக்காதீர்கள்.

மாணவி, அம்பாசமுத்திரம்: அம்மா, மூணு தடவை படிக்கிறேன். பரீட்சை ஹாலில் எல்லாம் போய்விடுகிறது. மஞ்சள் மார்க்கரில் கோடும் போடுகிறேன்.

மக்களே, இது உன் மூளையின் குற்றமில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது எழுத்து கண்ணுக்குப் பழகிவிடும், தெரிந்த மாதிரியே இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்தபின் சிலரை மறுபடி படிக்கவும், சிலரைப் பார்க்காமல் எழுதவும் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்காமல் எழுதியவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். அதனால் ஒரு தடவை படி, நோட்டை மூடு, ரஃப் தாளில் நினைவில் இருப்பதை எழுது. அப்புறம் திறந்து விட்டதைப் பார். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுது. முதல் வாரம் அழுகையாக வரும். விட்டுவிடாதே.

ஒரு தகப்பனார், வள்ளியூர்: மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸா, ஏ.ஐ. கோர்ஸா?

ஐயா, அது என் துறை இல்லை. அந்தத் துறையில் படிக்கிற மூத்த மாணவர்கள் இருவரிடம் நேரில் கேளுங்கள், மகளையும் கூட்டிப் போங்கள்.

ஆசிரியர், சேரன்மகாதேவி: கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்க எங்கள் கல்லூரியில் பயிற்சி கொடுத்தார்கள்.

பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்து நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008-இல் பாஷ்லர் என்ற உளவியலாளரின் குழு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டது. வரைபடம் வேண்டிய பாடத்துக்கு எல்லாருக்கும் வரைபடம் காட்டுங்கள்.

தமிழாசிரியர், ஸ்ரீவைகுண்டம்: ஹார்வர்டு எதற்கு? நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தானே!

சரியான கேள்வி, ஐயா. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் காப்பகத்துப் பொறுப்பில் இருந்தபோது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவதையும் தன் பள்ளியில் வைத்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் மெட்ராஸ் காலேஜ் என்றே ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

மாணவர், சங்கரன்கோவில்: அந்தத் திண்ணையில் எங்கள் பாட்டனை ஏற விட்டார்களா, மேடம்?

தமிழாசிரியர், ஸ்ரீவைகுண்டம்: 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன பள்ளிக் கணக்கைப் பாருங்கள் தம்பி. பல சாதிப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கணக்கில் பல சாதிகள் இருப்பது உண்மை. பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம் என்பதும், தீண்டாமைக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள் என்பதும் உண்மை. நானே அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது. தம்பி கேட்டது வகுப்பறைக்கும் பொருந்தும். சட்டாம்பிள்ளை மனப்பாடத்தை ஒப்பிக்க வைத்தான், தப்பினால் அடித்தான். தும்பிக் கேள்வியில் யாரும் யாருக்கும் சட்டாம்பிள்ளை இல்லை. முதல் பெஞ்சுப் பிள்ளையும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையும் ஒரே நேரத்தில் அட்டையைக் காட்டுகிறார்கள். நான் இதைப் பிடித்துக்கொண்டதே அதனால்தான்.

விரிவுரையாளர், நாங்குநேரி: பி.பி.டி.யில் அனிமேஷன் எத்தனை வைக்கலாம்?

மேலே கோவில்பட்டிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஆசிரியை, தூத்துக்குடி: அட்டை, விவாதம் எல்லாம் செய்தேன். 'பேசாம நோட்ஸ் சொல்லுங்க மிஸ்' என்கிறார்கள்.

சொல்வார்கள். 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் பார்த்ததும் இதுவே: தாங்களே வேலை செய்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். பருவத் தொடக்கத்திலேயே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பாதியில் நோட்ஸுக்குத் திரும்பாதீர்கள், விடையையும் நீங்கள் சொல்லாதீர்கள்.

விரிவுரையாளர், கடையநல்லூர்: பி.பி.டி.க்குப் பின்னணி நிறம்?

பி.பி.டி. பற்றி இனி எழுத மாட்டேன்.

உதவிப் பேராசிரியர், தென்காசி: மேடம், இன்று அட்டை வெட்டி நடத்தினேன். 64 பேரில் 22 பேர்தான் 'சமம்'. மணி அடித்துவிட்டது. நாளை விடையைச் சொல்லிவிடலாமா?

22 என்றால் 34 சதவீதம். நாளை முதல் வேலையாகப் பேச விடுங்கள். எத்தனை பேர் மாறினார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.