ஸ்பீட்பேர்ட் யார் வைத்த பெயர்? விமானக் கால் சைன்கள்: கேள்வி பதில்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் 31 வருடம் மைக் பிடித்து ஓய்வு பெற்றவன் நான். விமானிகளும் நாங்களும் ரேடியோவில் பேசும்போது சொல்லும் அழைப்புப் பெயர்கள், அதாவது கால் சைன்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கிறது. பயணப் பை எடை, டிக்கெட் ரத்து பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

திருச்சி வாசகர்: பிரிட்டிஷ் ஏர்வேஸை ரேடியோவில் 'ஸ்பீட்பேர்ட்' என்கிறார்களே, ஏன் சார்?

எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. 1932இல் இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்காகத் தேயர் லீ-எலியட் என்ற ஓவியர் ஒரு சின்னம் வரைந்தார். நாலைந்து கூரான கோடுகளில் மேலே பாயும் பறவை, அதற்குத்தான் ஸ்பீட்பேர்ட் என்று பெயர். அதே 1932 அக்டோபரில்தான் இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சியில் இறக்கிய தபாலை டாடாவின் சின்ன விமானம் பம்பாய் வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தது, அதனால் நம் ஊருக்கும் அந்தப் பறவையோடு பழைய உறவு உண்டு. பிறகு இம்பீரியல் போய் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் அரசு விமான நிறுவனம் வந்தது, சின்னத்தோடு ஸ்பீட்பேர்ட் கால் சைனாகவும் ஆனது. 1974இல் பி.ஓ.ஏ.சி.யும் பி.இ.ஏ. என்ற இன்னொரு பிரிட்டிஷ் அரசு விமான நிறுவனமும் சேர்ந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆனபோது 'பீலைன்' என்ற பி.இ.ஏ.வின் கால் சைன் மறைந்தது, ஸ்பீட்பேர்ட் நின்றது. 1980களில் விமானத்தின் மேலிருந்த பறவைப் படத்தையும் எடுத்துவிட்டார்கள். படம் போன பிறகும் குரலில் மட்டும் அந்தப் பறவை இன்னும் பறக்கிறது. கான்கார்ட் காலத்தில் 'ஸ்பீட்பேர்ட் கான்கார்ட் ஒன்' என்று அழைப்பார்கள், சொல்லும்போதே ஒரு கம்பீரம்.

மதுரை மாணவர்: அண்ணா, இண்டிகோ டிக்கெட்டில் 6இ என்று இருக்கிறது, கண்காணிப்பு ஆப்பில் ஐஜிஓ, ரேடியோவில் 'ஐஃப்ளை'. எது சரி?

மூன்றும் சரி தம்பி. இரண்டு எழுத்துக் குறியீடு டிக்கெட்டுக்கு, மூன்று எழுத்து ஃப்ளைட் பிளானுக்கு, கால் சைன் காதுக்கு. இந்த மூன்றாவதுதான் முக்கியம். இரைச்சலில், கரகரப்பில், பல நாட்டு உச்சரிப்பில் கேட்டாலும் வேறொன்றோடு குழம்பக்கூடாது. 'ஏர் இந்தியா', ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'எக்ஸ்பிரஸ் இந்தியா' இரண்டும் இருக்கும் அலைவரிசையில் 'இண்டிகோ' என்று இன்னொன்றும் சேர்ந்தால் கன்ட்ரோலர் பாடு என்ன ஆகும்? ஐஃப்ளை காதுக்கு நல்ல பெயர். தைவானின் சைனா ஏர்லைன்ஸ் 'டைனஸ்டி' என்று பேசுகிறது, அதனால் பெய்ஜிங்கின் ஏர் சைனாவோடு மோதுவதில்லை.

நானே பட்டிருக்கிறேன். ஒரு மழை இரவு, ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள், எண்ணில் நடு இலக்கம் மட்டும் வேறு. ஒன்றை உயரம் குறைக்கச் சொன்னேன், மற்றது ஏற்றுக்கொண்டு பதில் சொன்னது. ரீட்பேக்கில், அதாவது விமானி திருப்பிச் சொன்னபோது, எண் மாறியிருந்ததைக் காது பிடித்ததால் உடனே நிறுத்தினேன். இப்போது சில விமானங்கள் எண்ணோடு எழுத்தையும் சேர்த்துக்கொள்வது இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

தாம்பரம் வாசகர்: இதையெல்லாம் வீட்டிலிருந்து கேட்க எந்த ரேடியோ வாங்கலாம்?

வாங்காதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பதே சட்டச் சிக்கல்.

கோவை வாசகி: 2009இல் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தை 'காக்டஸ்' என்றார்களே ஐயா, நியூயார்க்கில் கள்ளிச்செடி எங்கிருந்து?

அரிசோனாவிலிருந்து. பாலைவன ஊரான ஃபீனிக்ஸின் அமெரிக்கா வெஸ்ட் நிறுவனத்தின் கால் சைன் அது. 2005இல் யு.எஸ். ஏர்வேஸோடு இணைந்தபோது நிறுவனப் பெயர் யு.எஸ். ஏர்வேஸ் என்றே இருந்தது, கால் சைன் மட்டும் பின்னால் காக்டஸுக்கு மாறியது. அன்று பறந்தது காக்டஸ் 1549. ஆனால் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போன அந்தக் கணத்தில் கேப்டன் சல்லன்பர்கர் 1539 என்றார், கன்ட்ரோலர் 1529 என்றார். எண் இரண்டு பேரிடமும் தவறிவிட்டது, 'காக்டஸ்' தவறவில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்து 2015இல் அந்தப் பெயர் ஓய்ந்தது, எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

சேலம் வாசகர்: நம் விமானங்களின் பதிவெழுத்து வி.டி. என்பது 'வைஸ்ராய்ஸ் டெரிட்டரி'. இந்த அடிமைச் சின்னத்தை எப்போது மாற்றுவார்கள்?

இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேரிடமிருந்து. அது கால் சைன் இல்லை, பதிவெழுத்து, அதாவது விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவு அடையாளத்தின் முதல் எழுத்துகள். தனியார் சின்ன விமானங்கள் அதையே கால் சைனாகவும் சொல்லும், அதனால் பதில் சொல்கிறேன். அந்த விரிவு பின்னால் யாரோ கட்டியது. முதல் உலகப் போருக்கு முன்பே, கம்பியில்லாத் தந்தி நிலையங்களுக்காக வி வரிசையைப் பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளுக்கு வரிசையாகப் பங்கு போட்டார்கள்: வி.ஏ. முதல் கனடா, வி.எச். முதல் ஆஸ்திரேலியா, வி.ஓ. நியூஃபவுண்ட்லாந்து, வி.டி. முதல் வி.டபிள்யூ. வரை இந்தியா. வரிசையில் நமக்கு வந்த இடம், அதுவே பின்னால் விமானப் பதிவுக்கும் வந்தது, அவ்வளவுதான்.

அதே சேலம் வாசகர்: நாடாளுமன்றத்திலேயே பேசியிருக்கிறார்கள் சார். வி என்றால் வைஸ்ராய் இல்லையென்றால் விக்டோரியாவா?

விக்டோரியா 1901இலேயே இறந்துவிட்டார், பங்கு போட்டது அதற்குப் பிறகு. நாடாளுமன்றத்தில் பேசினார்கள் என்பதால் விரிவு உண்மையாகிவிடாது.

நாகர்கோவில் அமெச்சூர் ரேடியோக்காரர்: குறுக்கே வருகிறேன். எங்கள் கால் சைன்கள் வி.யு.2, வி.யு.3 என்று தொடங்குகின்றன. அந்த 'யு'வுக்கு என்ன விரிவாம்?

இதைத்தான் சொல்ல வந்தேன், நன்றி. வி.டி.க்கு விரிவு உண்டென்றால் வி.யு., வி.வி., வி.டபிள்யூ. மூன்றுக்கும் சொல்ல வேண்டும்.

சேலம் வாசகர்: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாற்றலாம் அல்லவா?

மாற்றலாம், அது அரசின் முடிவு. ஐ.என். கிடைக்காது, ஐ இத்தாலிக்குரியது. பாரத் என்று பி கேட்டால் அது சீனாவிடம் இருக்கிறது. ஏ.டி. முதல் ஏ.டபிள்யூ. வரை ஏற்கெனவே நம் பங்கில் உண்டு. மாற்றக் கேட்பவர்கள் கேட்கட்டும், பொய்யான விரிவை மட்டும் காரணமாகக் காட்ட வேண்டாம். மீதி ஆறு பேருக்கும் இதுவே பதில்.

யாழ்ப்பாண வாசகர்: ஸ்ரீலங்கன் விமானத்துக்கு ஏ.எல்.கே. என்ற எழுத்து ஏன்?

ஏர் லங்கா. 1979இல் தொடங்கியபோது இருந்த பெயர். நிறுவனம் பெயர் மாற்றியது, எழுத்து தங்கிவிட்டது. ரேடியோவில் 'ஸ்ரீலங்கன்'.

பல்லாவரம் வாசகர்: விமான ரேடியோ கேட்கும் ஸ்கேனர் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

மேலே தாம்பரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

ஈரோடு வாசகர்: விமானி ஆக எவ்வளவு செலவாகும்?

பயிற்சிப் பள்ளியில் கேளுங்கள்.

பினாங்கு வாசகி: எங்கள் ஏர்ஏசியா 'ரெட் கேப்' என்கிறது. இந்தியாவிலும் அதேதானா?

இல்லை அம்மா. ஏர்ஏசியா இந்தியா 'ரெட் நைட்' என்று பேசியது, இரவு இல்லை, குதிரை வீரன். இந்தோனேசிய ஏர்ஏசியா 'வேகன் ஏர்', ஏர்ஏசியா எக்ஸ் 'சனாடு'. ஒரே சிவப்பு வண்ணக் குடும்பம், ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர். எல்லாம் ஒரே வானத்தில் சந்திக்கிறவை, அதனால் இது சரியான வேலை.