கேக் வாக் மேசைக்கு எந்தக் கேக்?

"டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. அக்டோபரில் பள்ளி வளாகத்தில் திருவிழா; நிதி திரட்ட 'கேக் வாக்' விளையாட்டு வைக்கிறார்கள். கேக் செய்து தருவதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். எனக்குக் கைவந்தது ரசமலாய் கேக். அதையே பெரிதாகச் செய்து கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ரசமலாய் கேக் வேண்டாம், சகோதரி. அதை வீட்டுப் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். தரையில் வட்டமாக எண்கள் ஒட்டியிருக்கும். சீட்டு வாங்கிய பிள்ளைகள் பாட்டு ஓட ஓட அதன்மேல் சுற்றி வருவார்கள். பாட்டு நின்றதும் ஒரு எண்ணைக் குலுக்கி எடுப்பார்கள். அந்த எண்ணில் நிற்கும் பிள்ளை மேசைக்கு வந்து, பிடித்த கேக்கை எடுத்துக்கொள்ளலாம். (அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் நடனத்திலிருந்து வந்த பெயர் இது. நன்றாக ஆடிய ஜோடிக்குக் கேக் பரிசு. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.)

ஆக, ஒரு சுற்றுக்கு ஒரு கேக். இருபது பேர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து ஆடினால் அந்தச் சுற்றில் 20 டாலர். இரண்டு நாள் மெனக்கெட்ட கேக்கானாலும் ஒரு மணி நேரத்தில் சுட்டதானாலும் வருவது அதே 20 டாலர்தான். மேசை காலியானால் ஆட்டமும் முடிந்தது. பெரிய கேக் ஒன்றுக்குப் பதில் சின்னக் கேக் மூன்று கொடுத்தால் பள்ளிக்கு இன்னும் இரண்டு சுற்று கூடுதலாகக் கிடைக்கும். பண்ட் கேக் (நடுவில் ஓட்டையுள்ள பெரிய வளையக் கேக்) ஒன்றுக்குக் கலக்கும் மாவு இரண்டு ரொட்டி டின்னுக்குத் தாராளமாக வரும்.

அடுத்தது வெயில். டாலஸில் அக்டோபரிலும் 30 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்கள் உண்டு. பாலும் கிரீமும் சேர்ந்த பண்டத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ரசமலாய் கேக், கிரீம் சீஸ் ஐசிங், கஸ்டர்டு எல்லாம் இங்கேயே அடிபட்டுப் போகின்றன. வெண்ணெய் பட்டர்கிரீமும் மதியத்துக்குள் சரிந்துவிடும். ரசமலாயில் பிஸ்தாவும் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளை கையில் அது போய்ச் சேருவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆறு வயதுப் பையன் ஒருவன், அடுக்கடுக்காக ரோஜா பிழிந்திருந்த கேக்கைத் தாண்டிப் போனான். பிஸ்கட் பொடியை மண்போலத் தூவி, மேலே 'கம்மி' புழுக்கள் (புழு வடிவ ஜவ்வு மிட்டாய்) நெளியவிட்ட கப் கேக் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். கண்ணுக்குத் தெரிவதுதான் அவர்களுக்குக் கேக்: நிறம், வண்ண மணிகள், மேலே ஒரு பொம்மை. ஒரு எச்சரிக்கை மட்டும். கம்மி புழுவிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவக் குடும்பப் பிள்ளைகளும் எடுக்கக்கூடிய மேசை, ஆதலால் தவிர்ப்பது நல்லது.

நான் கைகாட்டுவது அமெரிக்கர்கள் 'வேக்கி கேக்' என்று சொல்லும் சாக்லேட் கேக். முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் கிடையாது. ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, கால் கப் கோகோ, ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சலித்து, கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாக எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், ஒரு தேக்கரண்டி வெனிலா, ஒரு கப் தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். வினிகரும் சோடாவும் சேர்ந்ததும் நுரைக்கத் தொடங்கும். அந்த நுரைதான் முட்டையின் வேலையைச் செய்கிறது. எனவே கேக் சுடும் அடுப்பு (ஓவன்) முன்பே 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சூடாகத் தயாராக இருக்க வேண்டும். மாவைக் காக்க வைத்தால் கேக் அமுங்கிவிடும். எட்டு அங்குலச் சதுர ஃபாயில் டிரேயில் 30 முதல் 35 நிமிடம். இதே மாவில் கப் கேக் ஊற்றினால் பன்னிரண்டு வரும். ஆறு ஆறாகப் பெட்டியில் வைத்தால் இரண்டு பரிசு. மேலே பொடிச்சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஊற்றுங்கள். காய்ந்து இறுகிவிடும், வெயிலில் உருகி ஓடாது.

ஒவ்வொரு பெட்டியிலும் சேர்மானத்தை எழுதி ஒட்டுங்கள். அமெரிக்கச் சட்டம் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாக ஒன்பதைச் சொல்கிறது. 2023 முதல் எள்ளும் அதில் சேர்ந்துவிட்டது. கோகோ, வண்ண மணி டப்பாக்களில் 'கொட்டைகள் கலந்திருக்கலாம்' என்று அச்சிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் செய்ததை வாங்காத பள்ளிகளும் உண்டு. திரும்பி வர வேண்டிய பாத்திரத்தில் கொடுக்காதீர்கள். முந்தின இரவே சுட்டு, கேக் முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி, ஊற்றிய சர்க்கரை முழுவதும் கரைந்துவிடும்.