டேலி கைவசம் இருக்கு, எஸ்ஏபி கேட்கிறாங்க: கேள்வி பதில்

கணக்குப் பிரிவில் வேலை மாற நினைக்கும் கடலூர், புதுச்சேரி உறுப்பினர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், டேலி, எஸ்ஏபி இரண்டிலும் வேலை பார்த்த நம் அக்கா. டேலி, சிறு, நடுத்தர நிறுவனங்களில் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். எஸ்ஏபி, பெரிய கம்பெனிகளில் கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் இணைக்கும் சாஃப்ட்வேர்.

கடலூர் முதுநகர்: அக்கா, அஞ்சு வருஷமா டேலி. சிப்காட்ல ஒரு கம்பெனி பர்ச்சேஸ் பில் பார்க்க ஆள் கேட்கிறாங்க. 'எஸ்ஏபி தெரிந்தால் நல்லது'ன்னு போட்டிருக்கு. கோர்ஸ் முடிச்சிட்டு அப்ளை பண்ணட்டுமா?

வேண்டாம் தம்பி, இன்றைக்கே அப்ளை பண்ணுங்க. 'தெரிந்தால் நல்லது' வேறு, 'கட்டாயம்' வேறு. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் அந்த வேலையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பர்ச்சேஸ் பில் வேலையில் பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), சரக்கு வரவு, சப்ளையர் பில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எஸ்ஏபியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திரை, அதைத் திறக்க ஒரு குறியீடு: பிஓவுக்கு எம்இ21என், சரக்கு வரவுக்கு மீகோ, பில்லுக்கு மீரோ. மீகோ போட்டதும் ஸ்டாக் பற்று (டெபிட்), ஜிஆர்-ஐஆர் கணக்கு, அதாவது சரக்கு வந்து பில் வராததை வைத்திருக்கும் இடைக்கணக்கு, வரவு (கிரெடிட்). மீரோ போட்டதும் ஜிஆர்-ஐஆர் பற்று, சப்ளையர் வரவு. 100 மூட்டை இறங்கி 90க்குத்தான் பில் வந்திருந்தால், மீதி 10 மூட்டையின் மதிப்பு ஜிஆர்-ஐஆரில் தொங்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து தேடுவது அதைத்தான்.

இந்த ஓட்டத்தை உங்கள் டேலியிலேயே பழகலாம். கன்ட்ரோல் எஃப்9 பர்ச்சேஸ் ஆர்டர், ஆல்ட் எஃப்9 ரசீப்ட் நோட், அப்புறம் எஃப்9 பர்ச்சேஸ். நேராக எஃப்9 மட்டுமே அடித்துப் பழகியவர்கள்தான் புது இடத்தில் திணறுகிறார்கள்.

இன்னொன்று, பணம் கொடுக்கும்போது 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' எடுத்து எந்தப் பில்லுக்கு என்று காட்டுகிறீர்களா, 'ஆன் அக்கவுண்ட்' என்று பொதுவாகத் தள்ளிவிடுகிறீர்களா? எஸ்ஏபியில் சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் எஃப்-53 போடும்போது பில்லைத் தொடாமல் ஆன் அக்கவுண்டாகப் போட்டால், பில்லும் பாக்கியாக நிற்கும், பணமும் தனியாக நிற்கும். பிறகு எஃப்-44இல் இரண்டையும் கோக்க வேண்டும். டேலியில் பில்வாரியாகப் போடுகிற பழக்கம் இருந்தால் இதில் பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

வில்லியனூர், பி.காம். மூன்றாம் ஆண்டு: முதல்ல டேலியா எஸ்ஏபியா அக்கா?

டேலியும் எக்செலும். டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் காசில்லாமல் ஓட்டலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் போட விடும், பழகுவதற்கு அது போதும். கிராக் டேலி மட்டும் போடாதீங்கம்மா. வைரஸ் வந்தால் டேட்டா மொத்தமும் போகும்.

நெல்லிக்குப்பம்: இன்டர்வியூல எக்செல் டெஸ்ட் வைக்கிறாங்க. விலுக்கப் போட்டா எப்பவும் #என்/ஏ வருது.

விலுக்கப் (VLOOKUP) என்பது ஒரு பட்டியலில் தேடி அதன் பக்கத்து விவரத்தை எடுத்துவரும் ஃபார்முலா, #என்/ஏ என்றால் 'கிடைக்கவில்லை'. ஃபார்முலா சரியாக இருந்தும் #என்/ஏ வந்தால், பெரும்பாலும் டேட்டாவில்தான் கோளாறு. பில் நம்பர் ஒரு ஷீட்டில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருக்கும். எழுத்தாக இருந்தால் செல்லின் இடது ஓரம் ஒட்டி நிற்கும், மூலையில் பச்சை முக்கோணம் தெரியும். அந்த நெடுவரிசையை (column) தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் ஃபினிஷ் கொடுத்தால் எண்ணாகிவிடும். பெயருக்குப் பின்னால் இடைவெளி ஒட்டியிருந்தால் டிரிம் ஃபார்முலா போடுங்கள். வெப்சைட்டிலிருந்து காப்பி செய்த இடைவெளிக்கு டிரிம் வேலை செய்யாது. சப்ஸ்டிட்யூட்டில் கேர்(160) கொடுத்து எடுக்க வேண்டும்.

#என்/ஏவைவிட ஆபத்து, விலுக்கப்பின் கடைசியில் ஃபால்ஸ் (சரியாகப் பொருந்துவது மட்டும்) போட மறப்பது. பிழையே காட்டாமல் வேறு சப்ளையரின் தொகையைக் கொண்டுவந்து வைத்துவிடும். அதற்குப் பதிலாக வந்த புது எக்ஸ்லுக்கப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள், 2016, 2019 எக்செலில் அது கிடையாது.

பண்ருட்டி: எஸ்ஏபி கோர்ஸ் சேரலாமா மேடம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: ஆட்டோகேட் கத்துக்கிட்டா சைட் வேலை கிடைக்குமா?

என் துறை இல்லை. சிவில் ஆட்களிடம் கேளுங்கள்.

பாகூர்: எஸ்ஏபி கோர்ஸுக்கு எந்த இன்ஸ்டிட்யூட் நல்லது?

இதே கேள்வி மூன்றாவது தடவை. முதலில் வேலை விளம்பரத்தைப் படியுங்கள், எந்த மாட்யூல் (எஸ்ஏபியின் பிரிவு) என்று கேளுங்கள், அப்புறம் பணம். எஃப்ஐ (கணக்கு) கேட்கும் இடத்துக்கு எம்எம் (கொள்முதல், ஸ்டாக்) படித்துவிட்டுப் போய்ப் பயனில்லை. சர்டிஃபிகேட் எஸ்ஏபி நிறுவனம் கொடுப்பதா, இன்ஸ்டிட்யூட்டே அச்சடித்துக் கொடுப்பதா என்றும் கேளுங்கள்.

ரெட்டியார்பாளையம்: நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா. ரெஸ்யூம்ல எஸ்ஏபிங்கிற வார்த்தை இல்லன்னா ஹெச்ஆர் படிக்கவே மாட்டாங்க.

தட்டாஞ்சாவடி: சும்மா 'எஸ்ஏபி தெரியும்'னு போட்டுக்க வேண்டியதுதானே. போனா ஒரு வாரத்துல வந்துடும்.

ரெட்டியார்பாளையம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வார்த்தை வேண்டும்தான். 'எஸ்ஏபி எஃப்ஐ அடிப்படை, பயின்றுவருகிறேன்' என்று உள்ளதை எழுதுங்கள், அந்த வார்த்தையும் அதிலேயே வந்துவிடுகிறது. எஸ்ஏபியின் லேர்னிங் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, அதைப் படிக்கத் தொடங்கிவிட்டால் பொய்யும் ஆகாது.

தட்டாஞ்சாவடி தம்பி, அப்படிப் போடாதீங்க. 'தப்பா போட்ட பில்லை எப்படித் திருத்துவீங்க?' என்று ஒரே கேள்வி போதும். டேலிக்காரர் 'உள்ளே போய் ஆல்ட்டர் பண்ணுவேன்' என்பார். எஸ்ஏபியில் போஸ்ட் ஆன தொகையை மாற்ற முடியாது, ரிவர்ஸ் போட்டுத் திரும்பப் போட வேண்டும். சாதாரண என்ட்ரிக்கு எஃப்பி08, மீரோவில் போட்ட பில்லுக்கு எம்ஆர்8எம்.

தட்டாஞ்சாவடி: டேலியிலயும் இப்ப எடிட் லாக் இருக்கே?

இருக்கிறது. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். ஆனால் யார், எப்போது மாற்றினார் என்று அது பதிவு செய்கிறதே தவிர, மாற்றுவதைத் தடுக்காது. இரண்டும் ஒன்றல்ல.

மஞ்சக்குப்பம்: கடலூர் ஆபீஸ்லேர்ந்து புதுச்சேரி கம்பெனிக்கு மாறறேன். அங்கயும் டேலிதான். புதுசா ஏதும் கத்துக்கணுமா?

சாஃப்ட்வேர் அதே, வரி தலைகீழ். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்கும், புதுச்சேரியுடையது 34இல். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரி சிஜிஎஸ்டியும் மாநில வரி எஸ்ஜிஎஸ்டியும், மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி. 18 சதவீதச் சரக்குக்கு, இத்தனை நாள் கடலூர் பார்ட்டிக்கு சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று போட்ட கை, இனி அதே பார்ட்டிக்கு ஐஜிஎஸ்டி 18 போட வேண்டும். காரைக்கால், மாஹே, யானம் எவ்வளவு தள்ளி இருந்தாலும் 34தான், அவர்களுக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் யூடிஜிஎஸ்டி (யூனியன் பிரதேச வரி) வராது.

டேலியில் லெட்ஜர் உருவாக்கும்போது மாநிலம் தப்பாகிவிட்டால், அந்தப் பார்ட்டியின் எல்லா பில்லிலும் தப்பு வரி ஏறும். அப்புறம் சரியான வரியைத் தனியாகக் கட்டி, தவறாகக் கட்டியதை ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டும். சேர்ந்த முதல் நாளே லெட்ஜர் பட்டியலை எக்செலுக்கு எடுத்து, ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் மாநிலமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சரக்கோடு போகும் இ-வே பில்லும் மாறும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை வேண்டாம் என்று பழகியிருப்பீர்கள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வருவது மாநிலம் தாண்டும் சரக்கு, 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும்.

சேதராப்பட்டு: நாளன்னைக்கு இன்டர்வியூ. எஸ்ஏபி தெரியாது. என்ன படிக்கட்டும் அக்கா?

மீகோ, மீரோ இரண்டிலும் எது பற்று, எது வரவு என்று பார்க்காமல் எழுதிப் பழகுங்கள். எஸ்ஏபி திரை கேட்டால் 'பார்த்ததில்லை' என்று சொல்லுங்கள். எக்செலில் பிவட் (தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.