கதவு மட்டும்தானா கோளாறு?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து யூடியூபுக்கு ஒரு தொடர் எடுக்கிறோம். முதல் எபிசோடின் முக்கியமான சீனில் பின்னால் இருக்கிற கதவு தானாகத் திறந்து திறந்து மூடுகிறது. ஹீரோவும் எல்லோர் மேலும் எரிந்து விழுகிற மாதிரியே வந்திருக்கிறது. கையில் காசு குறைவு, அறிவித்த தேதியும் நெருங்குகிறது. அப்படியே வெளியிடலாமா? – வாசகர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி, திரும்ப எடுங்கள்.

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்கிற காலப் பயணத் தொடருக்கும் முதல் எபிசோடில் இதே கதிதான். 1963 செப்டம்பர் 27, லண்டன் லைம் குரோவ் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயது 27, லக்னோவில் பிறந்த இயக்குநர் வாரிஸ் ஹுசைனுக்கு 24. அப்போதெல்லாம் வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை, அதனால் மேடை நாடகம் மாதிரி ஏறக்குறைய ஒரே ஓட்டமாக நடித்து முடித்தாக வேண்டும். காலம் விட்டுக் காலம் போகிற டார்டிஸ் என்கிற இயந்திரத்தின் செட் கதவோ சாத்திக்கொள்ளவே மாட்டேன் என்கிறது, டமால் டமால் என்று அடித்துக்கொள்கிறது, அதற்கு முன்னால் நின்று நடிகர்கள் வசனத்தை விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. பார்த்தால் நமக்கே வயிற்றைக் கலக்கும்.

நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன் அதைப் பார்த்துவிட்டு முழுசாகத் திரும்ப எடுக்கச் சொன்னார். நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: அவர் கதவோடு நிறுத்தவில்லை. வில்லியம் ஹார்ட்னெல் நடித்த கிழ ஹீரோ, அதாவது ‘டாக்டர்’, அளவுக்கு மீறிக் கடுகடுப்பாக இருந்தது அவருக்கு உறுத்தியது. அக்டோபர் 18 அன்று மறுபடி எடுத்தபோது கிழவரின் பேச்சில் கொஞ்சம் குறும்பு வந்தது, பேத்தி சூசன் சாதாரணப் பள்ளிப் பெண்ணுக்கு நெருக்கமாக ஆனாள், 49ஆம் நூற்றாண்டில் பிறந்தேன் என்று அவள் சொல்லும் வசனம்கூட வேறொரு காலம், வேறொரு உலகம் என்று மாறியது. சரியாகக் கதவும் மூடியது.

தேதியை நினைத்துப் பயப்படாதீர்கள். அத்தனை பாடுபட்டு எடுத்தது ஒளிபரப்பானது நவம்பர் 23, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். பலர் பார்க்கவே இல்லை. அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் இதையும் இன்னொரு தடவை போட்டார்கள். நல்லபடியாக எடுத்து வைத்திருந்ததால் திரும்பப் போட முடிந்தது.

உங்கள் குழுவில் இல்லாத, முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரைக் கூப்பிட்டு எபிசோடை முழுக்கப் போட்டுக் காட்டுங்கள். கதவுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினால் போதும். ஹீரோவோடுதான் ஒரு மாலை முழுக்க உட்கார வேண்டியிருக்கும், அதற்கு முதலில் நாள் குறியுங்கள், அப்புறம் கேமராவுக்குச் சொல்லலாம்.