மலை வீட்டுக்குப் பழைய சாமான்: ஏற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்குப் பதில்

ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறிய வீடு கட்டிக்கொண்டு, அதில் இடிப்பு வீட்டுச் சாமான்களையும் பரம்பரைப் பொருள்களையும் வைக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, சேலத்தில் பழைய மரவேலையைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சேலத்தின் காய்ந்த காற்றில் பல தலைமுறை இருந்த பொருள், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்கு நடுவே அப்படியே இருக்காது. ஆகவே எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பதை அழகு தீர்மானிப்பதற்கு முன்பே ஈரம் தீர்மானித்துவிடுகிறது.

கேள்வி (அஸ்தம்பட்டி): சேலத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை இடிக்கப் போகிறோம். தேக்கு நிலை, கதவு, இரண்டு தூண்கள், சில உத்தரங்கள் ஆகியவற்றை வாழவந்தியில் கட்டும் வீட்டில் பயன்படுத்த விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: இடிப்புக்காரர் வருவதற்கு முன் தச்சரை வரவழையுங்கள். கடப்பாரை பட்ட நிலையைச் சரிசெய்வதைவிடப் புதிதாக ஒன்றைச் செய்துவிடலாம். கதவைத் தனியாகவும் நிலையைத் தனியாகவும் கழற்றி, எந்தத் துண்டு எதனோடு சேர்கிறது என்பதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பின்புறத்தில் எண் இடுங்கள். உத்தரத்தைப் பொறுத்தவரை நடுப்பகுதியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சுவருக்குள் புதைந்திருந்த இரு முனைகளே முதலில் உளுத்துப்போகும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஓசை எங்கே மந்தமாகிறதோ அங்கே குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் அந்த முனையை நல்ல மரம் தெரியும் வரை அறுத்துத் தள்ள வேண்டியதுதான். எனவே புதிய அறையின் அகலத்தை உத்தரத்தின் மிச்ச நீளத்தைக் கொண்டு முடிவு செய்வது புத்திசாலித்தனம். அறுக்கும் முன் காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டி ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிட்டால் வாளும் பிழைக்கும், தச்சரின் கண்ணும் பிழைக்கும்.

அடுத்தது மலை ஏற்றுவது. பங்குனி, சித்திரை வெயிலில் சுருங்கிக் கிடக்கும் கதவுக்குச் சேலத்திலேயே அளவெடுத்து, இழைத்து, மேலே கொண்டுபோய் மாட்டினால், ஆடிச் சாரலில் அது ஊதி நிலைக்குள் இறுகிவிடும். மூடியதைத் திறக்க முடியாது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை, அகலவாக்கில்தான் ஊதவும் சுருங்கவும் செய்கிறது. ஆகவே மரத்தை முதலில் மேலே கொண்டுபோய், கூரையடியில் துண்டுக்குத் துண்டு ரீப்பர் கட்டை இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். கூடுமானால் ஒரு மழைக்காலம், முடியாவிட்டால் சில வாரங்களாவது மலைக்காற்று அதில் ஊறட்டும். இழைப்பதும் பொருத்துவதும் அதன் பிறகுதான். தூண்களைச் சிமெண்டுத் தரையில் நேரடியாக நிறுத்தாதீர்கள். பழைய வீட்டில் அவற்றின் கீழ் இருந்த கருங்கல் அடிக்கல்லையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். தரையின் ஈரம் தூணுக்கு ஏறாமல் தடுத்து வந்தது அந்தக் கல்தான். அதைத்தான் பலர் இடிபாட்டோடு விட்டுவிட்டு வருகிறார்கள்.

கேள்வி (ஓமலூர்): பழைய மரக்கடையில் பர்மா தேக்கு என்று சொல்லி ஒரு பெட்டகத்தைக் காட்டுகிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: பாலிஷ் போட்ட முகப்பைப் பார்க்காமல், இழுப்பறையை வெளியே எடுத்து அதன் அடிப்பலகையைப் பாருங்கள். அங்கே ஓர் ஓரத்தில் சிறிது இழைத்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால், தேக்கு பொன்னிறப் பழுப்பாகவும், தொட்டால் எண்ணெய்ப் பசையோடும், பதனிட்ட தோலின் வாசம் கலந்தும் இருக்கும். சாயம் ஏற்றிய நாட்டு மரத்தில் இழைத்தவுடன் உள்ளே வேறு நிறம் தெரியும். அது பர்மாவிலிருந்து வந்ததா, நம் நாட்டுத் தேக்கா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை. நல்ல வைரம் (மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதி) பாய்ந்த தேக்காக இருந்து, விலை உங்களுக்குக் கட்டுப்படியானால் வாங்குங்கள்; பர்மா என்ற சொல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (நாகலூர்): பாட்டியின் அரிசிப் பெட்டியில் குண்டூசி முனை அளவுக்குத் துளைகள் இருக்கின்றன. கீழே மாவு கொட்டுகிறது. மற்ற சாமான்களுக்கும் பரவுமா?

பதில்: பரவலாம். ஆனால் துளை இருப்பதனாலேயே வண்டு இருப்பதாகப் பொருளில்லை. அது பல ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய வழியாகவும் இருக்கலாம். பெட்டியைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில நாள் அசைக்காமல் விட்டுப் பாருங்கள். புதிதாக மாவு விழுந்தால் உள்ளே புழு இருக்கிறது. இந்த வண்டு பெரும்பாலும் மரத்தின் வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும்; தேக்கின் வைரத்தைத் தொடாது. 60 கிராம் வெண்காரத்தையும் 40 கிராம் போரிக் அமிலத்தையும் 2 லிட்டர் வெந்நீரில் கரைத்து, பாலிஷ் இல்லாத உட்புறத்திலும் அடிப்புறத்திலும் தூரிகையால் இரண்டு முறை பூசி நிழலில் உலர்த்துங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள். மழை பட்டால் இம்மருந்து கரைந்து போகும் என்பதால் திண்ணையில் வைக்கும் பொருளுக்கு இது உதவாது. மருந்து பூசிய பெட்டியில் மீண்டும் அரிசி கொட்டி வைக்கவும் கூடாது. கம்பளியோ போர்வையோ வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் பலகையால் உட்சுவர் அமைப்பவர்களுக்கும் இதே மருந்தைத்தான் சொல்வேன். அந்த மரம் பார்வைக்கு அழகு, ஆனால் வண்டுக்கு விருந்து.

கேள்வி (மஞ்சக்குட்டை): இடித்த பள்ளிக் கட்டடத்தின் சீமை ஓடுகள் மலிவாகக் கிடைக்கின்றன. மறுபடி பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்துவ அமைப்பு 1865இல் தொடங்கிய ஆலையைத் தொடர்ந்து பல ஆலைகள் இவ்வகை ஓட்டைச் செய்தன; ஒவ்வோர் ஆலையின் ஓட்டுக்கும் பள்ளமும் விளிம்பும் சற்றே வேறுபடும். ஆகவே ஒரே கூரையிலிருந்து இறக்கிய, அடியில் ஒரே முத்திரை உள்ள ஓடுகளாக எடுத்து, உடைபவற்றுக்காகக் கூடுதலாகவும் கொஞ்சம் வாங்கி வையுங்கள். இரண்டு வகையைக் கலந்தால் பூட்டிக்கொள்ளாது. காற்றோடு வரும் மழை அந்த இடுக்கு வழியே உள்ளே வரும். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை உடைந்து கேட்பவற்றை ஒதுக்குங்கள். ஓடு கைக்கு வந்த பிறகு அதை அளந்துதான் ரீப்பர் இடைவெளியை வைக்க வேண்டும். தச்சர்கள் வழக்கமான அளவில் அடித்து முடித்துவிடுவார்கள், முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): தாத்தாவின் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று, ரவிவர்மா படங்கள் இரண்டு, குடும்பப் புகைப்படங்கள் பல உள்ளன. மலை வீட்டின் கூடத்துச் சுவரை இவற்றால் நிரப்ப ஆசை.

பதில்: தஞ்சாவூர் ஓவியத்தைச் சூரமங்கலத்திலேயே வைத்திருங்கள். பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, பொன் தகடு பதித்த பொருள் அது. ஈரத்தில் பலகை ஒரு மாதிரி அசையும், மேலுள்ள பூச்சு வேறு மாதிரி அசையும். அப்போது தகடு உரியத் தொடங்கும். பூஞ்சை பூத்தால் ஈரத்துணியால் துடைக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது, அதோடு வண்ணமும் வந்துவிடும்.

ரவிவர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. அந்தப் படங்களைப் பின்னால் வேறு பலரும் அச்சிட்டார்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது ஒழுங்கான புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது பிற்காலத்து அச்சு. அதை மலைக்குக் கொண்டுபோவதில் பெரிய இழப்பில்லை. புள்ளிகள் ஒழுங்கற்றுக் கல்லச்சின் (கல்லில் வரைந்து அச்சிடும் பழைய முறை) தன்மையோடு இருந்தால் மூலத்தைப் பத்திரப்படுத்திவிட்டு நகலைச் சட்டமிடுங்கள். புகைப்படங்களுக்கும் அதுவே வழி. எதைத் தொங்கவிட்டாலும் மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் பின்னால் காற்று புழங்கும். கண்ணாடி படத்தின் மேல் படியாதபடி சுற்றிலும் அட்டை விளிம்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது.

கேள்வி (ஆத்தூர்): பித்தளை அண்டா, ஈயச் சொம்பு, கல்சட்டி ஆகியவற்றை அடுக்களை அலமாரியில் காட்சிக்கு வைக்கலாமா, சமைக்கவும் செய்யலாமா?

பதில்: கல்சட்டி சமைப்பதற்குத்தான். சேலத்து மாக்கல் சட்டியில் வைத்த வற்றல் குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும். நீண்ட நாள் பரணில் கிடந்த சட்டியை நேரே தீயில் ஏற்றினால் வெடிக்கும். சில நாள் அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ சூடாக ஊற்றி வைத்துப் பழக்கி, விளக்கெண்ணெய் தடவி, பிறகு மெல்லிய தீயில் தொடங்குங்கள். பித்தளை அண்டாவில் புளியோ தயிரோ சேர்ந்த எதையும் சமைப்பதானால் உட்புறம் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் நீரோ ரசமோ இல்லாமல் அடுப்பில் வைக்கவே கூடாது. பழைய சொம்பில் நச்சான காரீயம் கலந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காத வரை அதை அலமாரியில் மட்டும் வைப்பது நல்லது.

மலைக்காற்றில் பித்தளை விரைவில் கறுக்கும். வாரந்தோறும் புளி போட்டுத் தேய்க்க ஆள் இல்லாத வீட்டில் அது மங்கியபடியே இருக்கட்டும். மங்கிய பித்தளைக்கும் ஓர் அழகு உண்டு என்பது என் கட்சி. என் வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை.

கேள்வி (ஏற்காடு): மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கூரையில் தொங்கவிட்டு விளக்கு மாட்ட வேண்டும்.

பதில்: வேண்டாம். குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா என்று எல்லாம் சேர்ந்து பெரும் எடை. சிறு வீட்டின் கைமரங்கள் அதற்காக அமைந்தவையல்ல. போகிற விடுதியில் எல்லாம் இது தொங்குகிறது என்பது என் இரண்டாவது ஆட்சேபம். திண்ணைச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும்.

கேள்வி (ஏற்காடு): நாங்கள் வாங்கிய பழைய எஸ்டேட் வீட்டில் மான் கொம்புகளும் ஒரு காட்டெருமைத் தலையும் இருந்தன. வேலிக்குக் குழி தோண்டியபோது வீரன் உருவம் செதுக்கிய பலகைக்கல் ஒன்றும் கிடைத்தது. அனைத்தையும் முன்னறையில் வைக்க எண்ணுகிறோம்.

பதில்: எதையும் மாட்டாதீர்கள். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பியை இம்மலைக்குக் கொண்டுவந்த பிறகு எழுந்த தோட்ட வீடுகள் பலவற்றில் இப்படிப்பட்ட வேட்டைப் பொருள்கள் தொங்கின. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றை வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் வேண்டும். அவற்றை விற்கவோ வாங்கவோ முடியாது. வீட்டோடு வந்தது என்பது விலக்காகாது. முந்தைய உரிமையாளரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு வனத்துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அந்தக் கல் நடுகல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி. சேலம், தருமபுரி வட்டாரங்கள் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை கல்லைக் கழுவவோ, எழுத்து தெரிவதற்காகக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம். எழுத்து இருந்தால் அதைப் படிக்கத் தெரிந்தவர் வரட்டும்.

பரம்பரைச் சிற்பமோ ஓவியமோ வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டைக் கடந்தவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றில் பல வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு நினைவுப் பொருளாக அனுப்பிவைக்கவும் முடியாது.

கேள்வி (வாழப்பாடி): பச்சை பெயிண்ட் பல அடுக்காக ஏறிய கதவைச் சுரண்டி மரத்தை வெளிக்கொணர விரும்புகிறேன். வீட்டில் சிறு குழந்தை உண்டு.

பதில்: பெயிண்டில் காரீயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் எதையும் காரீயம் உள்ளதாகவே கருதுங்கள். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பதும், தீ காட்டிச் சுரண்டுவதும் குழந்தை உள்ள வீட்டில் கூடவே கூடாது. கதவைப் பட்டறைக்கு அனுப்பி, பெயிண்ட் நீக்கும் ரசாயனத்தால் ஈரமாக வழித்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஆளி விதை எண்ணெய் பூசுவதானால், எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்த பின்பே எறிய வேண்டும்.

கேள்வி (சேலம், செவ்வாய்ப்பேட்டை): அம்மாவின் பித்தளைச் சங்கிலி ஊஞ்சலை மலை வீட்டில் மாட்ட முடியுமா? கூரை ஓடு; உத்தரம் பழையது.

பதில்: ஊஞ்சல் வேகமாக ஆடும்போது சங்கிலியில் ஏறும் இழுவிசை, உட்கார்ந்திருப்பவர்களின் எடையைப் போல் இரண்டு மடங்கைத் தொடும். பழைய உத்தரத்தில் துளையிட்டுக் கொக்கி போடுவதைவிட, இரண்டு தூண்களும் ஒரு குறுக்குச் சட்டமுமாகத் தனிச் சட்டகம் அடித்து அதில் மாட்டுங்கள். கூரைக்கு அதனால் பாரம் இராது. சங்கிலியின் கண்ணிகளில் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தேய்ந்து மெலிந்தவற்றை அதே கனத்தில் வார்த்துத் தரும் பித்தளைப் பட்டறையில் கொடுத்து மாற்றிய பிறகு பலகையை ஏற்றலாம்.